பதினான்கு கோணமூக்கு உள்ளான்கள்

டிசம்பர் 28, சனி

இந்த நோட்டின் அட்டையில் ‘பறவைக் கணக்கெடுப்புக் குறிப்பேடு’ என்று அச்சடித்திருக்கிறது. பறவையைப் பார்ப்பது மாமா. குறிப்பது நான். ஏடாகூடம் மட்டும் பொது.

நோட்டைக் கொடுத்தவர் தாரணி மேடம். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறவர். குளிர்காலம் வந்தால் எங்கள் வெள்ளைமுனை உப்பளத்துக்குப் பறவைகள் வரும், பறவைகளுக்குப் பின்னால் மேடம் வருவார். மழைத்தண்ணீர் நிற்கும் பாத்திகளில் எந்தப் பறவை எத்தனை என்று எண்ணிக் கொடுக்க உள்ளூரில் ஆள் வேண்டும். நான்கு வருடமாக அந்த ஆள் ராயப்பன் மாமா, அம்மாவின் தம்பி. அவர் எண்ண நான் எழுதுகிறேன். பிளஸ் ஒன் அரையாண்டில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கை மேடத்திடம் யாரும் சொல்லாதவரை இந்தக் கூட்டணி நீடிக்கும்.

மாமா வனத்துறையில் தற்காலிகக் காவலர். உப்பளக் கரையில் வலை வைத்து உள்ளான் பிடிக்கிறவர்களை விரட்டுவது வேலை. பதினோரு வருடமாகத் தற்காலிகம். எங்கள் ஊரில் தற்காலிகப் பாலம்கூட இவ்வளவு நாள் நின்றதில்லை. இந்த வருடம் நிரந்தரம் ஆக்கும் பட்டியல் போகிறதாம். பாரஸ்டர் சார் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ராயப்பா, கணக்கெடுப்ப நல்லபடியா முடிச்சுக் குடு. அந்த ரிப்போர்ட்டையும் வச்சுத்தான் உம் பேர மேல அனுப்பப் போறேன்.”

அவர் வாசலைத் தாண்டும் முன் அம்மா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். “மாமா, வேலை நிரந்தரமானா எனக்கு ஒரு சைக்கிள்” என்றேன். “வேலை கெடைக்கட்டும், யானையே வாங்கித் தாரேன்” என்றார். யானை ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா என்று விசாரிக்க வேண்டும்.

ஜனவரி 1, புதன்

புத்தாண்டுப் பூசை. கோயில் படியில் மாமா தடுக்கி என் புதுச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் சட்டையின் கை கிழிந்தது. இந்த வருடத்தின் முதல் விழுகை. தொடக்கமே அமர்க்களம்.

ஜனவரி 5, ஞாயிறு

முதல் கணக்கெடுப்பு. விடிகாலை ஐந்தரைக்கு வரப்பில் ஏறினோம்.

“நீ முன்னால போ ஏட்டி. பாம்பு கெடந்தா மொதல்ல உன்னக் கடிக்கட்டும்.”

“கடிச்சா பாம்புதான் மாமா சாவும்.”

என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வருவார். நான் ஓடிவிடாமல் இருக்கவாம். கன்றுக்குட்டியை இப்படித்தான் சந்தைக்குக் கூட்டிப் போவார்கள்.

மாமாவின் சோம்பேறித்தனம் இந்த வருடம் உச்சத்துக்குப் போய்விட்டது. கழுத்தில் பைனாகுலர் தொங்குகிறது. தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அவர் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கேள்வி மட்டும் கேட்கிறார்.

“அந்தால கத்துதுல்லா, அது கால் என்ன நெறம்?”

“செவப்பு.”

“பவளக்காலி. எத்தன?”

“ஒம்பது.”

“எழுது. எடப்பக்கம்?”

“நெட்டையா நாலு நிக்கு. வெள்ளையும் கருப்பும்.”

“அலகு?”

“ஊசி.”

“நெடுங்கால் உள்ளான். எழுது.”

உள்ளான், உள்ளான், உள்ளான் என்று பக்கம் முழுக்க எழுதினேன். இல்லான் ஒருவனும் இல்லை. பூநாரை நூற்றுப் பன்னிரண்டு. உப்புக்கொத்தி எழுபது. எங்கள் ஊரில் எல்லாரும் உப்புக்கொத்திதான், ஆனால் மனிதர்களை எண்ணக் கூடாதாம். ஆலா எவ்வளவு என்று எண்ணுவதற்குள் நானே ஆலாய்ப் பறந்துவிட்டேன்.

“நீங்களே பாருங்களேன் மாமா. உங்க கண்ண என்ன பேங்க்குல போட்டு வச்சிருக்கீங்களா?”

“எனக்கெதுக்குக் கண்ணு? அதான் உன்னக் கூட்டிட்டு வந்திருக்கேன்லா.”

ஒன்று மட்டும் எழுதியாக வேண்டும். வீட்டில் நான் எது சொன்னாலும் அம்மா “நெசமாட்டி?” என்பாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். நான் வயிற்றுவலி என்றால் டீச்சர் மூன்று பேரைச் சாட்சி கேட்பார். என் வரலாறு அப்படி. மாமா ஒருத்தர்தான் கேட்டதே கிடையாது. நான் ஒன்பது என்றால் ஒன்பது. “எழுது” என்பார், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேடம் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். “ராயப்பன், உங்களுக்குக் கழுகுக் கண்ணுங்க. இவ்வளவு துல்லியமா வேற எந்த இடத்துலயும் வரலை.” மாமா வெட்கப்பட்டுச் சிரித்தார். தாளின் அடியில் ‘எண்ணியவர்: ராயப்பன்’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘எழுதியவர்: செல்சியா’.

கழுகு உட்கார்ந்திருந்தது. கோழிதான் பார்த்தது. கோழிக்கு ஒரு டீ கூட இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மீன் ஏலக்கூடத்தில் உடைந்த தெர்மோகோல் பெட்டி கேட்டேன். எதுக்கு என்றார் ஏலக்காரர். கைவேலை என்றேன். பொய்யில்லை. கையால்தான் செய்யப் போகிறேன்.

ஜனவரி 9, வியாழன்

கறுப்பு மார்க்கர் இரண்டு. பழைய குடைக் கம்பி. தென்னை ஈர்க்கு ஒரு கட்டு. அம்மா, “ஈர்க்கு எதுக்கு?” “புராஜெக்ட்.” “நெசமாட்டி?” “சத்தியமா.”

கோணமூக்கு உள்ளான் என்று ஒரு பறவை இருக்கிறது. உடம்பு வெள்ளை, முதுகில் கறுப்புக் கோடு, அலகு மட்டும் மேல் பக்கமாக வளைந்திருக்கும். கடவுள் கடைசி நிமிடத்தில் தலைகீழாக ஒட்டிவிட்டார். அந்த அலகைப் பக்கவாட்டில் வீசி வீசித் தண்ணீரைச் சீவித்தான் தின்னும். எங்கள் பக்கம் கடைசியாக வந்து இரண்டு வருடமாகிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சும்மாதான்.

ஜனவரி 11, சனி

சாயங்காலம் ஒரு சின்ன வேலை இருந்தது. பாத்திகளுக்கு நடுவே இருக்கும் முள்ளித்திட்டு வரை முழங்கால் சேற்றில் போய் வந்தேன். என்ன வேலை என்று இந்த நோட்டுக்குக்கூடச் சொல்லமாட்டேன். நாளை மேடம், மாணவர்கள் இரண்டு பேர், பாரஸ்டர் சார் எல்லாரும் வருகிறார்கள். கழுகுக் கண் நாளைக்கு என்ன பார்க்கிறது என்று பார்ப்போம்.

சிரிப்பு வந்து தூக்கம் வரவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

முள்ளித்திட்டில் பதினான்கு கோணமூக்கு உள்ளான்களை நட்டு வைத்தது நான். மீன்பெட்டித் தெர்மோகோலில் உடம்பு, குடைக் கம்பியில் கால், ஈர்க்கை வளைத்து மார்க்கர் பூசி அலகு. கரையிலிருந்து வெறுங்கண்ணால் பார்த்தால் அசல் மாதிரிதான் இருந்தது. பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைக்கிற யாரும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுதான் திட்டமே. மாமா பைனாகுலரைத் தொடமாட்டார், என்னைக் கேட்பார், நான் சொல்வேன், அவர் அப்படியே ஒப்பிப்பார், மேடம் டெலஸ்கோப்பில் பார்ப்பார், குட்டு வெளிப்படும், எல்லாரும் சிரிப்பார்கள். ‘எல்லாம் செல்சியாதான் பார்க்கிறாளா ராயப்பன்?’ என்று மேடம் கேட்பார். இந்தக் கடைசி வரிக்காகத்தான் ஐந்து நாள் உழைத்தேன்.

நடந்தது இது.

ஏழு மணி. மேடமும் மாணவர்களும் டெலஸ்கோப்புக்குக் கால் விரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா மெதுவாகக் கேட்டார், “திட்டுல வெள்ளையா என்னட்டி நிக்கு?”

“கோணமூக்கு உள்ளான் மாமா. பதினாலு.”

மாமாவின் முகம் மாறியதை நான் எழுத முடியாது. பண்டிகைக்கு மட்டும் வரும் முகம் அது. என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

“மேடம்! கோணமூக்கு வந்திருக்கு மேடம்! பதினாலு! ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கு. அன்னா பாருங்க, அலக வீசி வீசித் தண்ணியச் சீவுது!”

சிரிக்க வாயைத் திறந்து வைத்திருந்தேன். அந்தக் கடைசி வார்த்தையில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

மேடம் டெலஸ்கோப்பில் குனிந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கடற்காகம் வந்து ஓர் உள்ளான் மேல் உட்கார்ந்தது. உள்ளான் சாய்ந்தது. சாய்ந்து தண்ணீரில் விழுந்து, குடைக் கம்பிக் கால் இரண்டையும் மேலே நீட்டிக்கொண்டு மிதந்தது. மாணவர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. நிமிர்ந்து கேட்டார்.

“ராயப்பன், தண்ணியைச் சீவுதுன்னு சொன்னீங்களே?”

மாமா என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால் என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார். பாரஸ்டர் சார் வரப்பில் வந்துகொண்டிருந்தார். “என்னல சிரிப்பு?”

மாமாவும் சிரித்தார். நான் கேட்டதிலேயே மோசமான சிரிப்பு.

“ஒண்ணுமில்ல சார். நானும் மருமவளும் சேந்து பண்ணது. தெர்மோகோல்ல பறவை செஞ்சு நட்டு வச்சோம். சும்மா ஒரு வெளையாட்டு.”

பிறகு மேடம் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “இதை நம்பி எத்தனை பேர் வேலை செய்யறாங்கன்னு தெரியுமா ராயப்பன்? இன்னிக்கு இது விளையாட்டுன்னா, போன வாரத் தாள் என்ன? போன வருஷத் தாள் என்ன?” வெள்ளைமுனையின் இந்த வருடக் கணக்கை ரத்து செய்துவிட்டார். பழைய மூன்று வருடத் தாள்களின் மேல் ‘சந்தேகத்துக்குரியது’ என்று எழுதப் போகிறாராம்.

திட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பிடுங்கி வரச் சொன்னார்கள். பதின்மூன்று கிடைத்தது. ஒன்று மிதந்து எங்கோ போய்விட்டது.

மாமா எனக்காகப் பொய் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அப்படித்தான் இருக்க வேண்டும். அம்மா அவரைப் பிடித்துக் கிழித்தாள், “சின்னப் பிள்ளைகூடச் சேந்து கூத்தடிச்சியால? பதினோரு வருசத்த ஒரு வெளையாட்டுல கொண்டு போட்டுட்டியே!” நான் மூலையில் நின்றேன். ‘நான் மட்டும்தான் செய்தேன்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. மாமா தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

தெர்மோகோல் எப்படித் தண்ணீரைச் சீவும், மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாமா கரும்பு தொடவில்லை.

ஜனவரி 16, வியாழன்

பாரஸ்டர் சார் ஆள் அனுப்பியிருந்தார். மாமா இனி டூட்டிக்கு வர வேண்டாம். விசிலையும் டார்ச்சையும் வாங்கிப் போய்விட்டார்கள். டார்ச் இரண்டு இருந்தது. வந்தவர், “ரெண்டு எதுக்கு வச்சிருந்தீரு?” என்றார்.

ஜனவரி 17, வெள்ளி

பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தேன். இதையும் சேர்த்து நான்கு குளிர்காலம், நான்கு நோட்டு. பறவைக் கணக்கின் ஓரத்தில் என் கிறுக்கல்கள் இருக்கும். போன வருடங்களின் கணக்கு பொய்யில்லை என்று மேடத்துக்குக் காட்ட ஏதாவது அகப்படுமா என்று பார்க்கத்தான் எடுத்தேன்.

எட்டாம் வகுப்பில் எழுதியது: ‘இன்று மாமா மடையைக் கவனிக்காமல் நடந்து இடது காலை உள்ளே விட்டார். பெரிய வியாழனுக்கு முன்பே பாதம் கழுவும் சடங்கு முடிந்தது.’

ஒன்பதாம் வகுப்பு: ‘ராத்திரி டூட்டிக்கு மாமா டார்ச் இரண்டு கொண்டு போகிறார். ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று அழகுக்கு.’

பத்தாம் வகுப்பு: ‘மாமா பைக்கை விற்றுவிட்டார். நடந்தால் உடம்புக்கு நல்லதாம். பைக்குக்கும் நல்லதுதான், போன மாதம் மூன்று முறை விழுந்தது.’

அதே வருடம், நான்கு நாள் கழித்து: ‘இன்று ஒரு சோதனை. மாமாவின் இடப்பக்கம் நின்று ஐந்து நிமிடம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் கவனிக்கவேயில்லை! பறவையில் அப்படி ஒரு கவனம். ஞானி.’

எல்லாம் என் கையெழுத்து. எல்லாவற்றிலும் கிண்டல். ஒவ்வொரு வரிக்கும் அன்று நான் சிரித்திருக்கிறேன்.

மாமா எனக்காகப் பொய் சொல்லவில்லை. கண் தெரியாதவன் என்பதைவிடக் கோமாளி என்ற பெயர் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறார். எனக்காகவும்தான் சொன்னார் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஒரு பங்காவது இருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் பாரஸ்டர் சார் வந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை போல.

“ஏல ராயப்பா, களவா செஞ்ச? சேட்டைதான? ஒரு மன்னிப்புக் கடிதாசி எழுதிக் குடு. கொஞ்ச நாள் போவட்டும். அடுத்த பட்டியல்ல சேக்கப் பாக்கேன்.”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமாவுக்கும் முகம் தெளிந்தது. கடிதத்தை என்னை எழுதச் சொன்னார்கள். ‘விளையாட்டாகச் செய்த பிழையை மன்னிக்க வேண்டுகிறேன்.’ கையெழுத்துப் போடும் இடத்தில் என் விரலைக் காட்டி, “இங்க மாமா” என்றேன். விரல் மேலேயே பேனாவை வைத்தார். நான் விரலை எடுத்தேன்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வேலை திரும்பக் கிடைக்கும். மாமா இரண்டு டார்ச்சோடு ராத்திரி வரப்பில் நடப்பார்.

சாயங்காலம் அவர் மட்டும் உப்பளப் பக்கம் போனார். ஒரு மணி நேரத்தில் பாத்தி வேலைக்காரர்கள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெரிய மடைக்குள் விழுந்திருக்கிறார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து, அதில் உப்புத்தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வழுக்கிட்டு” என்றார்.

“வழுக்குற எடமால அது? பொறந்ததுலருந்து நடக்குற வரப்பு” என்றாள் அம்மா.

மாமா என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை சரியாக என் முகத்தை. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பொங்கலுக்கு முன்னால் ஆட்டிய அதே ஆட்டம்.

“அம்மா, மாமாவுக்குக் கண்ணு தெரியல.”

“நெசமாட்டி?” என்றாள் அம்மா, வழக்கம் போல, மஞ்சள் அரைத்துக்கொண்டே. பதில் வராததால் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அரைப்பது நின்றது.

“எத்தன நாளா?” என்று மாமாவைக் கேட்டாள்.

நான் சொன்னேன். “நான் எட்டாப்பு படிக்கும்போதுருந்து.”

ஜனவரி 22, புதன்

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்து, ஓர் இருட்டுப் பெட்டிக்குள் தலையை விடச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பித்தான் சத்தம் வந்தால் ஒரு புள்ளி. மாமா அதிகம் அழுத்தவில்லை. நான் எண்ணினேன். பழக்கம்.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருக்கிறதாம். இடது கண் முழுசாகப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் இருக்கிறது. காலம் முழுக்கச் சொட்டு மருந்து விட்டால் அந்தக் கொஞ்சம் தங்கும். போனது வராது.

டாக்டர் நல்லவர், குரலை உயர்த்தவில்லை. “மூணு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம். வீட்ல யாரும் கவனிக்கலையா?”

அம்மா அழுதாள். நான் என் பையைப் பார்த்தேன். பையில் எட்டாம் வகுப்பு நோட்டு இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை.

பஸ்ஸில் மாமா என் பக்கத்தில். எப்போதும் பஸ்ஸில் ஏறினால் ‘இப்ப எந்த ஊரு? குளத்துல தண்ணி கெடக்கா? கொக்கு நிக்கா?’ என்று என் உயிரை எடுப்பார். தூத்துக்குடி வரை ஒன்றும் கேட்கவில்லை. ஊர் பஸ்ஸுக்கு மாறி உட்கார்ந்த பிறகு சொன்னார்:

“ரெண்டு தடவ காட்டிக் குடுத்துட்ட ஏட்டி. மொத தடவ வெளையாட்டுக்கு. ரெண்டாந் தடவ நெசமா.”

கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டாவது பரவால்ல” என்றார்.

முதலாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 23, வியாழன்

அம்மா பக்கத்து வீட்டில் பேசுவது கேட்டது. “அவ சேட்டை பண்ணலன்னா தெரிஞ்சே இருக்காது. நல்லதுக்குத்தான் நடந்திருக்கு.” இல்லை. நல்லதுக்கு நடக்கவில்லை. ‘எழுதியவர்’ என்ற இடத்தில் என் பெயர் சின்னதாக இருந்ததால் நடந்தது.

ஜனவரி 24, வெள்ளி

தாரணி மேடத்துக்குக் கடிதம். நாலாவது தாளில்தான் சரியாக வந்தது. முதல் மூன்றிலும் எங்கேயோ ஒரு நகைச்சுவை நுழைந்துவிட்டது.

‘முள்ளித்திட்டில் பொம்மைகளை வைத்தது நான் மட்டும். மாமாவுக்குத் தெரியாது. அவருக்குக் கண் தெரியாததால், பதினான்கு என்று நான் சொன்னதை நம்பினார். நான்கு வருடமும் பார்த்துச் சொன்னது நான். எந்தப் பறவை என்று கண்டுபிடித்தது அவர். சத்தத்தையும் என் பதில்களையும் வைத்து. அந்தத் தாள்கள் சரியானவை. ஒரே ஒரு முறை, ஒன்பதாம் வகுப்பில், பசி தாங்காமல் நூற்று எண்பத்தேழு ஆலாக்களை இருநூறு என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளவும்.’

படித்துக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக் கேட்டார். நூற்று எண்பத்தேழு வந்த இடத்தில் புருவம் அசைந்தது. இதை அனுப்பினால் மன்னிப்புக் கடிதம் வீண் என்று இருவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டு வந்த அன்றே அது வீண்தான்.

“அனுப்பட்டா மாமா?”

“தாள்ல உள்ளது சரியா இருக்கட்டும்” என்றார்.

ஜனவரி 29, புதன்

பாரஸ்டர் சார் வந்து அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். காவலர் வேலைக்குக் கண் பரிசோதனை உண்டு. பட்டியலில் இனி மாமா பெயர் போகாது. “என்ட்ட மொதல்லயே சொல்லிருக்கலாம்லால” என்றார். “சொன்னா அன்னைக்கே நிறுத்தியிருப்பிய சார்” என்றார் மாமா. சார் மறுக்கவில்லை.

அம்மா காக்கிச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

மேடத்தின் பதிலும் வந்தது. பழைய தாள்கள் செல்லும், ஒரு குறிப்போடு. இருநூறு திருத்தப்பட்டது. ரத்தான கணக்கை பிப்ரவரி 2 அன்று மறுபடியும் எடுக்க வேண்டும். ‘எண்ணியவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கும். துணைக்கு யாரை வைத்துக்கொள்கிறாய் என்று நீயே முடிவு செய்.’

இதற்குத்தானே ஐந்து நாள் தெர்மோகோல் வெட்டினேன். கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

துணைக்கு மாமா. கேட்டபோது மறுக்கவில்லை.

ஐந்தரைக்கு வரப்பில் ஏறினோம். என் பையின் வாரைப் பிடிக்கவில்லை. கையில் ஒரு வேலிக்கம்பு, தட்டித் தட்டி வந்தார். முன்னால் போகச் சொன்னார். பாம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். மேடம் தூரத்தில் வேறு பாத்தியில் இருந்தார். டெலஸ்கோப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பூநாரை தொண்ணூற்று நான்கு. உப்புக்கொத்தி அறுபத்தொன்று. நான் சொன்னேன், நானே எழுதினேன். மாமா கேள்வி கேட்கவில்லை. ஒன்று கத்தும்போது மட்டும் தலையைத் திருப்பி, “பவளக்காலி” என்பார். அவர் சொன்ன பக்கம் பார்த்தால் சிவப்புக் கால் நிற்கும்.

ஏழே காலுக்கு முள்ளித்திட்டின் பக்கம் டெலஸ்கோப்பைத் திருப்பினேன். முதலில் நான் அன்று தொலைத்த அந்தப் பதினான்காவதுதான் கரை ஒதுங்கிக் கிடக்கிறதென்று நினைத்தேன். அது நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்புக் கோடு, தலைகீழாக ஒட்டிய அலகு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கால் எடுத்து வைக்கிற வரை காத்திருந்து எண்ணினேன். ஆறு.

“மாமா.”

“ம்.”

“திட்டுல கோணமூக்கு நிக்கு. ஆறு.”

பண்டிகை முகம் வருமா என்று பார்த்தேன். வந்தது போல இருந்தது. பாதியில் நின்றுவிட்டது.

“நெசமாட்டி?” என்றார்.

நான்கு வருடத்தில், நானூறு தடவையாவது அவருக்குப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லை இன்றுதான் அவர் வாயில் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. அம்மா கேட்பது போலவும் இல்லை. தெரியாத ஆளிடம் வழி கேட்பது போலக் கேட்டார்.

“நெசம் மாமா. அலக வீசி வீசித் தண்ணியச் சீவுது.”

அவர் காதைத் திட்டின் பக்கம் திருப்பினார். பறவை ஒரு சத்தம் போடட்டும் என்று காத்திருக்கிறார் எனப் புரிந்தது. நானும் காத்திருந்தேன். மனசுக்குள் ஆறையும் கெஞ்சினேன். ஒரு தடவை, ஒன்றாவது. காற்று அடித்தது. எங்கோ ஒரு பவளக்காலி கத்தியது, அதற்குத் தலையாட்டினார். கோணமூக்கு உள்ளான்கள் தின்றுகொண்டே இருந்தன. தின்னும்போது அவை பேசுவதில்லை.

ஆறு என்று எழுதினேன். “எழுது” என்று அவர் சொல்லவில்லை.